அம்மா படலையைத் தாண்டுறா இல்லை. வயசான ஆக்களை வெளிக்கிட வைக்கிறது எது?

தருமபுரம்_பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா கேக்கோணும் எண்டு நினைச்ச விசயம், கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மாவுக்கு 72 வயசு. நாங்கள் இருக்கிறது தருமபுரத்தில, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில இருந்து கிறவல் ஒழுங்கையால உள்ளுக்க வரவேணும். அப்பா மோசம் போனதுக்குப் பிறகு அம்மா வெளிய போறதைக் குறைச்சுக் குறைச்சு இப்ப கிளினிக் நாளைத் தவிர படலையைத் தாண்டுறதே இல்லை. ஆள் படுக்கையில இல்லை, முத்தம் கூட்டுவா, சமைப்பா, கோழிக்குத் தீன் போடுவா, கிணத்தடியில நிண்டு உடுப்புத் தோய்ப்பா. ஆனா "அம்மா கோயிலுக்குப் போட்டு வருவமே" எண்டு கேட்டால் உடன தலையிடி வரும், இல்லாட்டி வெயில், இல்லாட்டி "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு விறாந்தையில இருந்திடுவா.

இந்த மனிசி ஒரு காலத்தில விடியப்புறம் எழும்பி கத்தரிக்காய், பயித்தங்காய் கட்டி சந்தைக்குக் கொண்டுபோய் வித்துப்போட்டு வந்து பிறகு எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பின ஆள். மிளகாய் நாற்று மேடை போடுறதில அம்மாட கைக்கு ஊரில பேர் இருந்தது, விசுவமடுவில இருந்தெல்லாம் வந்து நாற்று வாங்கிக்கொண்டு போவினம்.

போன வெள்ளிக்கிழமை சீலை உடுத்து, திருநீறு பூசி, செருப்பும் போட்டு படலை மட்டும் வந்தவ. கொளுக்கியில கையை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டா. பிறகு "அடுப்பு நூத்தனானோ தெரியேல்லை" எண்டு திரும்பிப் போனவதான், நான் பாத்துப் பாத்து நிண்டுபோட்டு உள்ள போனால் சீலையை மாத்தி வீட்டு உடுப்போட இருந்து அரிசி கிளையுறா.

சீனி வருத்தம் இருக்கு, டொக்டர் ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்லுறார். தம்பி கனடாவில, அவர் வீட்டுக்குக் கமரா பூட்டி விட்டிருக்கிறார், அம்மா விறாந்தையில இருக்கிறதை போனில பாத்தால் அவருக்கு நிம்மதி. "ஏனக்கா அவவை இழுக்கிறியள், வீட்டில இருக்கிறதுதான் பாதுகாப்பு" எண்டுறார். நான் வேலைக்குப் போட்டு வர பின்னேரம் ஆகிடும், அதுமட்டும் அம்மா ஒரு சனத்தோடயும் கதைக்கிறதில்லை. பேச்சும் குறைஞ்சுகொண்டு வருது, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

உங்கட வீடுகளில உள்ள வயசான ஆக்கள் எதுக்காக வெளிக்கிடுகினம், எதால நிண்டு போகினம் எண்டு அனுபவம் உள்ளாக்கள் சொல்லுங்கோ. உடம்போ, மனசோ, ரோட்டோ, இல்லாட்டி நாங்கள் நடத்துற விதமோ?

---

முரசுமோட்டை_வாய்க்கால்:

தங்கச்சி, எங்கட அப்பாவுக்கு 78. அவரை வைச்சுத்தான் சொல்லுறன். "நடவுங்கோ, காலுக்கு நல்லம்" எண்டு சொன்னால் ஒரு நாளும் வெளிக்கிட மாட்டார், நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனம். ஆனா சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில எவ்வளவு தண்ணி இருக்கு, இந்தமுறை எத்தினை ஏக்கர் விதைக்க விடப்போகினம் எண்டு கூட்டம் வைச்சால் மனிசன் விடியவே சேவ் எடுத்து வேட்டி கட்டி நிக்கும். அங்க போய் பேசுறாரோ இல்லையோ, அவருக்குத் தெரியும் எந்த வாய்க்காலில தண்ணி கடைசி வயல் மட்டும் போகாது, எந்த இடத்தில கட்டு அரிச்சுக்கொண்டு போகும் எண்டு, ஏனெண்டால் அந்த மண்ணில அம்பது வருசமா நிண்ட ஆள். கமக்காரர் அமைப்புப் பொடியளும் வந்து "ஐயா நீங்கள் சொல்லுங்கோ" எண்டு கேக்கிறவங்கள். அந்த ஒரு கேள்விதான் அவரைக் கூட்டிக்கொண்டு போறது.

மற்றது செத்தவீடு. இதை ஆரும் யோசிச்சுப் பாத்திருக்கிறியளோ தெரியாது, கலியாணவீட்டுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிற கிழவன் கிழவியள் எல்லாம் செத்தவீடு எண்டால் பொல்லையும் ஊண்டிக்கொண்டு போய் நிப்பினம். ஏனெண்டால் அது கடமை, போகாட்டி அந்தக் குடும்பம் தேடும், "அவர் வரேல்லையே" எண்டு கேப்பினம். தன்னைத் தேடுற இடம் ஒண்டு இருக்கு எண்டு தெரிஞ்சால் கால் தானா எழும்பும்.

முந்தி எங்கட ஒழுங்கை முகப்பில ஒரு மதகு இருந்தது, மேல மருதமர நிழல். பின்னேரம் நாலைஞ்சு வயசான ஆக்கள் அதில வந்து குந்துவினம், அப்பாவும் போவார். ரோட்டு அகட்டேக்க மரமும் போச்சு, மதகும் போச்சு, இப்ப கொங்கிறீற் குழாய் போட்டு மூடியிருக்கு. ரோட்டு நல்லா வந்தது உண்மைதான், ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் பாதியாக் குறைஞ்சிருக்கு, ஆனா அந்த நாலைஞ்சு பேரும் பிறகு ஒரு இடத்தில சந்திக்கவே இல்லை. அதில ரெண்டு பேர் இப்ப இல்லை. வாசிகசாலையில பேப்பர் போடுறதும் நிண்டு போச்சு, எல்லாரும் போனில பாக்கினம் எண்டு. வயசான ஆக்கள் பேப்பர் வாசிக்கப் போறது செய்திக்கு மட்டும் எண்டு நினைச்சவையள் எடுத்த முடிவு அது.

அம்மாவுக்கு அந்த நாற்று மேடைதான் வழி எண்டு எனக்குப் படுது. யோசிச்சுப் பாருங்கோ.

---

கிளினிக்_அக்கா:

நான் சுகாதாரத் துறையில கனவருசம் வேலை செய்யிறன், கிளினிக்கில வயசான ஆக்களோடதான் என்ர முழு நாளும். முரசுமோட்டை அண்ணை சொன்னது முழுக்கச் சரி, காரணம் வேணும். ஆனா காரணம் இருந்தும் வெளிக்கிடாத ஆக்கள் இருக்கினம், அவையள் வாய்விட்டுச் சொல்லாத விசயங்கள் கொஞ்சம் இருக்கு. முதல் அதுகளைப் பாருங்கோ தங்கச்சி.

ஒண்டு, மூத்திரம். கூச்சத்தில பொம்பிளையள் மகளுக்கே சொல்ல மாட்டினம். பிரஷருக்கு, கால் வீக்கத்துக்கு எண்டு தண்ணி கழட்டுற குளிசை தந்திருந்தால் அதைப் போட்டு கொஞ்ச மணித்தியாலத்துக்கு அடிக்கடி போகவேணும், சீனி கூடினாலும் அப்பிடித்தான். கோயிலில, சந்தையில, பஸ்ஸில எங்க போறது? தும்மேக்க, படி ஏறேக்க கொஞ்சம் போயிடும் எண்ட பயம் வேற. சீலை உடுத்த பிறகு திரும்பிப் போறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம், கட்டாயம் தனிய வைச்சு மெதுவாக் கேளுங்கோ.

கண்ணையும் பாருங்கோ. கண்புரை மெல்ல மெல்ல வாறது, வீட்டுக்குள்ள தட்டுத் தடங்கல் இல்லாமல் திரிவினம், ஏனெண்டால் எந்த இடத்தில என்ன இருக்கு எண்டு காலுக்குத் தெரியும். வெளிய வந்தால் வெயில் வெளிச்சம் கூசும், கிறவல் ரோட்டில பள்ளம் தெரியாது, எதிரில வாறது ஆர் எண்டு முகம் தெரியாது, தெரிஞ்ச ஆளை விலத்திக்கொண்டு போனால் "பாத்தும் பாக்காத மாதிரிப் போறா" எண்டு சொல்லிப்போடுவினம் எண்ட பயத்திலயே வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களை நான் பாத்திருக்கிறன். காதும் அப்பிடித்தான், மூண்டு பேர் சேர்ந்து கதைக்கேக்க ஒண்டும் பிடிபடாது, அதால சனம் கூடுற இடமே வேண்டாம் எண்டு போயிடும்.

பிறகு தலைச்சுத்து. இருந்துபோட்டு எழும்பேக்க இருட்டிக்கொண்டு வருதோ எண்டு கேளுங்கோ. பிரஷர் குளிசை கூடினால் அப்பிடி வரும். ஒருக்கா எங்கயாவது விழப் பாத்திருந்தாலும் போதும், பயம் பிடிச்சிடும். விழுந்திடுவன் எண்டு நடக்காமல் விட கால் தசை பலம் குறையும், பலம் குறைய உண்மையாவே விழுவினம், இதுதான் சுத்திச் சுத்தி நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல போட்ட வழிகாட்டலில 65க்கு மேற்பட்ட ஆக்களுக்கு கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் மிதமான அசைவோட, கிழமையில 3 நாளாவது பலன்ஸுக்கும் பலத்துக்குமான பயிற்சி வேணும் எண்டு தனியாச் சொல்லியிருக்கினம். கதிரையில கை ஊண்டாமல் எழும்பி இருக்கிறது, மேசையைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலைத் தூக்கி நிக்கிறது, இவ்வளவும் வீட்டிலயே தொடங்கலாம். செருப்பையும் பாருங்கோ, அடி தேஞ்ச பாட்டாவோட கிறவலில நடக்க இளம் ஆக்களுக்கே வழுக்கும்.

தம்பிக்கு ஒரு விசயம் சொல்லுங்கோ. ஜெருசலேமில 70 வயசு ஆக்களை வருசக்கணக்காப் பின்தொடர்ந்த ஆய்வு ஒண்டு இருக்கு. 70 வயசில தினமும் வீட்டை விட்டு வெளிய போய்க்கொண்டிருந்த ஆக்களுக்கு 77 வயசாகேக்க மூட்டு நோவு, நித்திரைக் குழப்பம், மூத்திரம் அடக்க ஏலாமை எல்லாம் புதுசா வந்தது குறைவு, தன்ர வேலையைத் தான் செய்யிற பலமும் கூட மிஞ்சியிருந்தது. வெளிய போனதால மட்டும்தான் அப்பிடி எண்டு அறுதியாச் சொல்ல ஏலாது, சுகமா இருக்கிறவைதான் கூடப் போவினம். ஆனா உள்ளுக்க வைச்சிருந்தால் பாதுகாப்பு எண்ட கதைக்கு அது சாட்சி இல்லை. எங்களிட்ட விழுந்து வாற ஆக்களில கனபேர் விழுந்தது வீட்டுக்குள்ளயும் கிணத்தடியிலயும்தான்.

இன்னொண்டு, நாங்கள் பாக்கிற முறை ஒண்டு சொல்லுறன். அமெரிக்காவில அலபாமா பல்கலைக்கழகத்தில உருவாக்கின அளவுகோல் அது, ஆள் நடமாடுற உலகத்தை அஞ்சு வட்டமாப் பாக்கிறது: படுக்கையறைக்கு வெளிய, பிறகு முத்தமும் வளவும், பிறகு அயல், பிறகு ஊர், பிறகு ஊருக்கு வெளிய. கடந்த நாலு கிழமையில எந்த வட்டம் மட்டும் போனவ, எத்தினை தரம், ஆற்றையும் உதவியோடயோ எண்டு கேக்கிறது. அம்மா இப்ப ரெண்டாவது வட்டத்தில நிக்கிறா. அடுத்தது அயல்தான், கோயில் இல்லை. நேரா கோயிலுக்குக் கூப்பிடாதேங்கோ, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறி குடுத்துவிடுங்கோ.

---

தருமபுரம்_பிள்ளை:

அக்கா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. இரவு கேட்டன். முதல் சிரிச்சு மழுப்பினவ, பிறகு சொன்னா, கிளினிக் போற நாளில விடிய அந்தக் குளிசை போடாமல்தான் போறவவாம், தண்ணியும் குடிக்காமலாம். கண்ணும் இடக்கண் புகார் மாதிரி இருக்காம், "வயசுக்கு வாறதுதானே" எண்டு சொல்லாமல் விட்டவவாம்.

---

கிளினிக்_அக்கா:

தண்ணி குடிக்காமல் எங்கட வெயிலில வாறது கூடாது, குளிசையை தன்பாட்டில நிப்பாட்டுறதும் கூடாது. அடுத்த கிளினிக்கில இதை அப்பிடியே டொக்டரிட்டச் சொல்லுங்கோ, போற நாளில போடுற நேரத்தை மாத்தலாமோ எண்டு அவர் சொல்லுவார். கண் கிளினிக்குக்குத் துண்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. புகார் மாதிரி எண்டால் பிந்தக் கூடாது, சீனி உள்ள ஆக்களுக்கு கண்ணின்ர பின்பக்கத்தையும் பாக்கவேணும்.

---

ஒட்டுசுட்டான்_மருமகள்:

நான் வேற ஒரு பக்கம் சொல்லோணும். மாமி எங்களோடதான். அவவை வெளிக்கிட விடாமல் வைச்சது குரங்கு. உண்மையாத்தான். எல்லாரும் வெளிக்கிட்டால் கூட்டமா வந்து மா, கொய்யா, தென்னங்குரும்பை எல்லாத்தையும் முடிச்சுப்போடும், ஓட்டையும் கிளப்பிப்போடும், அதால ஆராவது ஒராள் வீட்டில நிக்கவேணும். அந்த ஒராள் எப்பவும் மாமி. பொழுதுபட்டால் யானைப் பயம், அதால பின்னேரக் கூட்டம், திருவிழாப் பூசை ஒண்டும் இல்லை. நாங்கள் இளம் ஆக்கள் வேலைக்கு, படிக்க எண்டு போக, வயசான ஆக்களை வீட்டுக்குக் காவல் வைச்சிருக்கிறம். பிறகு "ஏன் வெளிக்கிடுறா இல்லை" எண்டு கேக்கிறம். இப்ப நாங்கள் கிழமையில ஒருநாள் மாறி நிக்கிறம், அவர் நிப்பார், இல்லாட்டி பக்கத்து வீட்டுப் பொடியன் நிப்பான். மாமி மாதர் சங்கத்துக்குப் போறா.

மற்றது புருசன் இல்லாத பொம்பிளையளுக்கு எங்கட சனம் வைச்சிருக்கிற வழக்கம். கலியாணவீட்டில முன்னுக்கு நிக்கக் கூடாது, ஆரும் நல்ல காரியத்துக்குப் போகேக்க எதிரில வரக் கூடாது எண்டு வாயால சொல்லாட்டியும் முகத்தால சொல்லுவினம். போருக்குப் பிறகு எங்கட ஊருகளில எத்தினை பொம்பிளையள் தனிச்சு நிண்டு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவை, அவையளையே ஓரத்தில இருத்துறது எனக்குப் பொறுக்காது. உங்கட அம்மா அப்பா போன பிறகுதான் குறைச்சவ எண்டு எழுதியிருக்கிறியள். அவவுக்கு எங்கயாவது அப்பிடி ஒரு சொல் விழுந்திருக்கும். எங்கட கலியாணவீட்டில நான் மாமியை முன் வாங்கில இருத்தித்தான் எல்லாம் செய்வித்தனான். ரெண்டு பேர் முகம் சுழிச்சவை, சுழிக்கட்டும்.

காசும் இருக்கு. முந்தி மாமி முதியோர் கொடுப்பனவை தபால் கந்தோரில நிண்டு தன்ர கையால வாங்குவா. 2025இல அது 3000இல இருந்து 5000 ரூபா ஆனது, நல்ல விசயம். ஆனா அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசு எடுக்கிற குடும்பங்களுக்கு அது குடும்பத்தின்ர பாங்குக் கணக்குக்கு வருது, காட் எங்கட கையில. தபால் கந்தோர் போற நாள் எண்டால் மாமி அதோட சந்தையையும் பாத்து, பேரப்பிள்ளையளுக்கு ஏதும் வாங்கி, ரெண்டு பேரோட கதைச்சுத்தான் வருவா. கணக்குக்கு வந்தது வசதி எண்டாலும் அந்த நாள் இல்லாமல் போச்சு. இப்ப நான் காசை எடுத்துக் குடுக்கிறேல்லை, மாமியையே கூட்டிக்கொண்டு போய் மெசினில எடுப்பிக்கிறன். காசு கையில இருந்தால்தான் கோயிலில அர்ச்சனைத் துண்டுக்கு, பஸ்ஸுக்கு, செத்தவீட்டுக்கு ஆரிட்டயும் கேளாமல் போகலாம். கேக்கிறதுக்குக் கூச்சப்பட்டே வீட்டில இருக்கிற ஆக்கள் கனபேர்.

---

ஸ்காபரோ_வன்னியான்:

நானும் தம்பி மாதிரிக் கனடாவில இருக்கிறவன், அவற்ற பக்கத்தைச் சொல்லுறன். எங்களுக்கு இஞ்ச இரவு போன் அடிச்சால் நெஞ்சு இடிக்கும். விழுந்து இடுப்பு உடைஞ்சால் ஓடி வர ஏலாது, லீவு, ரிக்கெற், எல்லாம் பாத்து வந்து சேரேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும். அதாலதான் கமரா. அவரைக் குறையா நினைக்காதேங்கோ.

ஆனா நானும் இஞ்ச அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு வைச்சிருந்து பாத்தனான். பனிக்காலம் வர நாலு சுவருக்குள்ள ரீவியும் போனும்தான். மாறினது எப்ப எண்டால், எங்கட தமிழ் ஆக்களின்ர முதியோர் ஒன்றுகூடல் ஒண்டுக்கு ஒரு ஐயா வந்து "நாளைக்கு நான் பஸ் எடுக்கேக்க உங்கட வாசலால வருவன், ரெடியா நில்லுங்கோ" எண்டு சொன்ன பிறகு. நான் காரில கொண்டுபோய் விடுறன் எண்டு எவ்வளவோ தரம் சொன்னனான், வரேல்லை. ஒத்த வயசுக்காரன் வந்து கூப்பிட அப்பா உடன வெளிக்கிட்டார். பிறகு ரெண்டு பேருமா மோலுக்குப் போய் உள்ளுக்கயே சுத்தி நடந்து, கோப்பி குடிச்சு, மத்தியானம்தான் வருவினம். மோலில ஏன் எண்டால் நிலம் மட்டம், வழுக்காது, அங்கங்க இருக்க வாங்கு, ரொய்லெற் கிட்ட. கிளினிக் அக்கா சொன்ன அதே விசயங்கள்தான்.

தம்பியிட்டச் சொல்லுங்கோ, கமராவுக்குச் செலவழிச்ச மாதிரி ஒரு நம்பிக்கையான ஓட்டோக்காரருக்கு மாசக் காசு குடுக்கட்டும்.

---

முள்ளியவளை_வாத்தியார்:

எனக்கு வயது 74. பென்சன் எடுத்துக் கனகாலம். இங்கே எல்லோரும் முதியவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், ஒரு முதியவனாய் நானும் எழுதுகிறேன்.

பஸ்ஸைப் பற்றி ஆரும் சொல்லேல்லை. பஸ் படி எவ்வளவு உயரம் எண்டு உங்களுக்கு முழங்கால் நோ வரும்வரை தெரியாது. கம்பியைப் பிடிச்சு ஒரு காலைத் தூக்கி வைச்சு மற்றக் காலை இழுக்க முதல் பஸ் எடுபட்டிடும், "கெதியா ஏறு ஐயா" எண்ட சத்தம் பின்னால வரும். எல்லாரும் அப்பிடி இல்லை, கையைப் பிடிச்சு ஏத்திவிடுற நடத்துநர்ப் பிள்ளைகளும் இருக்கினம், அவர்கள் வாற பஸ் எதெண்டு பாத்து அந்த நேரத்துக்கே நான் போறது. தரிப்பிடத்தில நிழலும் இருக்கையும் இல்லாட்டி பஸ் பிந்திற நாள் நிண்டே களைச்சு திரும்பி வந்திடுவம். பிரதேச சபைக்குக் கடிதம் எழுதவேண்டிய விசயம் இதுதான், மின்விளக்கு அலங்காரம் இல்லை.

அடுத்தது, கேக்கிற விதம். "வெளிய போனால் உங்களுக்கு நல்லம்" எண்டு பிள்ளைகள் சொல்லேக்க எங்களுக்குக் கேக்கிறது "நீ நோயாளி" எண்டதுதான். நான் 35 வருசம் வகுப்பில நிண்டவன், எனக்கு நல்லதைச் சொல்லித் தர வேண்டாம், எனக்கு ஒரு அலுவலைத் தாங்கோ. என்ர பேத்தி சாதாரண தரத்துக்குப் படிக்கேக்க அவளின்ர சிநேகிதப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லித்தர கிழமையில ரெண்டு பின்னேரம் சனசமூக நிலையத்துக்குப் போகத் தொடங்கினேன். மழைக்கும் போவேன். பிள்ளைகள் வந்து காத்துக்கொண்டிருக்கும் எண்டு தெரியும்.

இன்னொன்று சொல்லக் கஷ்டமான விசயம். எங்கட வயசில வெளிய போனால் சந்திக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? என்னோட படிச்சவர்கள், படிப்பிச்சவர்கள் பாதிப்பேர் இல்லை, மிச்சப்பேர் வெளிநாடு. வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலுக்குப் போனால் முந்தி ஒவ்வொரு மரத்தடியிலயும் ஒரு தெரிஞ்ச குடும்பம் இருக்கும், இப்ப நான் மரங்களைத்தான் அடையாளம் பிடிக்கிறேன். எண்டாலும் போறேன், ஏனெண்டால் போனால் எங்கயாவது ஒருத்தர் "சேர்" எண்டு வந்து கையைப் பிடிப்பார், தலை நரைச்ச பழைய மாணவன் ஒருத்தன். உங்கள் அம்மாவுக்கும் பழைய ஆக்கள் இருப்பினம், சந்தையில பக்கத்தில கடை போட்டவர்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கோ. அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போக முதல் அவர்களில ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வாங்கோ.

முதியோர் அடையாள அட்டை எடுத்தாச்சோ? 60 வயசுக்கு மேல எல்லாருக்கும் உரியது, கிராம சேவையாளரிட்ட விசாரிச்சு பிரதேச செயலகத்தில எடுக்கலாம். ஆஸ்பத்திரியில, பாங்கில முன்னுரிமை கிடைக்கும், வரிசையில நிக்கிற பயம் கொஞ்சம் குறையும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழதான் இந்த ஏற்பாடுகள், கிராமங்களில உள்ள முதியோர் சங்கங்களும் அதோட சேர்ந்தவை. உங்கட பகுதியில சங்கம் நடக்குதோ எண்டும் கேளுங்கோ.

---

மல்லாவி_தோழி:

அக்கா, இதைக் கேக்கலாமோ தெரியாது, மனசுக்குக் கஷ்டம் எண்டால் பதில் போடவேண்டாம். அம்மா வீட்டைப் பாக்கிறன் எண்டு சொல்லுறது வீட்டைத்தானோ? எங்கட பெரியம்மா வீட்டை விட்டு அசைய மாட்டா. நாங்கள் கால் நோ, வெயில் எண்டு எல்லாம் யோசிச்சம். கடைசியிலதான் தெரிஞ்சது அவ மகனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டு. 2009இல பிரிஞ்சவர். திரும்பி வந்தால் படலை பூட்டிக் கிடக்கக் கூடாது எண்டது அவட எண்ணம். மீள்குடியேறி வந்த நாளில இருந்து அப்பிடித்தான், புது வீட்டுத்திட்டம் தந்தும் பழைய படலை இருந்த இடத்திலயே படலை வைக்கச் சொன்னவ, அடையாளம் பிசகக் கூடாது எண்டு.

அதே பெரியம்மா வெளிக்கிடுற ஒரே இடம் கிளிநொச்சி. கந்தசாமி கோயிலடியில 2017 மாசி 20ஆம் தேதி தொடங்கின காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர உறவுகளின்ர போராட்டத்துக்கு. சீனி, பிரஷர், முழங்கால் எல்லா வருத்தத்தோடயும் எத்தினை தாய்மார் அந்தக் கொட்டிலில வந்து இருந்தவை. பஸ் மாறி, மழை வெயில் பாக்காமல். அங்க போறது பிள்ளைக்காக எண்டதால அந்த நேரம் வீட்டை விட்டுப் போறதா அவவுக்குப் படுறேல்லை. படத்தை நெஞ்சில வைச்சுக்கொண்டு பக்கத்தில இருக்கிற தாயோட கதைப்பா, திரும்பி வரேக்க களைச்சிருந்தாலும் அண்டைக்குச் சோறு சாப்பிடுவா.

---

தருமபுரம்_பிள்ளை:

மல்லாவி தங்கச்சி, பதில் போடுறன். பெரியண்ணா. 2009 சித்திரைக்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா இதை வாயால சொல்லுறேல்லை, ஆனா போன மழைக்கு ஒழுங்கைப் பக்கம் வேலியை அடைச்சு படலையை மற்றப் பக்கம் மாத்துவம் எண்டு நான் சொல்ல ஒத்துக்கொள்ளவே இல்லை. உங்கட பதிலை வாசிச்சுப்போட்டு கனநேரம் இருந்திட்டன்.

அதால ஒரு ஒழுங்கு செய்திருக்கிறம். பக்கத்து வீட்டு ஆச்சியும் வெளிய போறது குறைவு, அவ எங்கட விறாந்தையில வந்து இருப்பா, ஆரும் வந்தால் இருத்தி வைப்பா, அம்மாட போனுக்கு அடிப்பா. அம்மாவுக்கு முன்னாலயே ஆச்சியிட்ட இதைச் சொல்லி, நம்பரை பெரிய எழுத்தில எழுதிக் குடுத்தாச்சு. அம்மா ஒண்டும் பேசேல்லை, ஆனா அந்தக் கடதாசியை வாங்கி தன்ர நம்பர் சரியோ எண்டு ஆச்சியைக் கொண்டு வாசிப்பிச்சவ. தம்பியோடயும் கதைச்சிட்டன், ஓட்டோவுக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கிறார், கமராவை ஆச்சி இருக்கிற பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

மற்றது முரசுமோட்டை அண்ணை சொன்ன விசயம். எங்கட மாதர் சங்கத்தில புதுசா மிளகாய் செய்யப் போற பிள்ளையள் கொஞ்சப்பேர் இருக்கினம், கடை நாற்று வாங்கி வாடிப் போச்சு எண்டு கவலைப்பட்டவை. தலைவி அக்காவை நான் அனுப்பேல்லை, நிலைமையைச் சொன்னன், அவ தானா வந்து அம்மாட்டக் கேட்டா, "நாங்கள் மேடை போட்டு வைக்கிறம், நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ" எண்டு. அம்மா ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. மண் அரிச்சதோ, மேடைக்கு மேல வைக்கோல் பரவி எரிச்சதோ, எறும்பு விதையை இழுக்காமல் சுத்திச் சாம்பல் போட்டதோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டா. அவ எல்லாத்துக்கும் முழுசிக்கொண்டு நிக்க, அம்மா "மாட்டெரு மக்கினதோ, பச்சையோ?" எண்டு கேட்டா. பச்சை எண்டு தெரிய, "ஐயோ அதைப் போடாதேங்கோ, நாத்து வெந்துபோம், நான் வந்து பாக்கும்மட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டா.

வாற கிழமை கண் துண்டு, அதுக்குப் பிறகு மேடை. மக்கின எரு ஆரிட்டயாவது இருக்கோ, பக்கத்தில?

---

முரசுமோட்டை_வாய்க்கால்:

எங்கட பட்டியில ரெண்டு வருசம் மக்கினது குவிச்சுக் கிடக்கு தங்கச்சி, தொட்டால் தேயிலைத் தூள் மாதிரி உதிரும். லான்ட்மாஸ்ரரில ஒரு பெட்டி கொண்டுவந்து சங்கத்து வளவில பறிச்சு விடுறன், காசு வேண்டாம். எப்ப கொண்டு வாறது எண்டு மட்டும் அம்மாவைக் கொண்டு எனக்குப் போன் எடுப்பியுங்கோ, எவ்வளவு வேணும் எண்டு அவதான் சொல்லோணும். அப்பாவும் பெட்டியில ஏறி வருவன் எண்டு நிக்கிறார், தருமபுரம் நாற்றுக்காரியைத் தனக்குத் தெரியுமாம்.